கால் வீக்கமும் உப்பும்: உங்கள் வீட்டு அனுபவம்

மாதவரம் மகள்:
அம்மாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை போடுகிறார். சாயங்காலமானால் இரண்டு காலும் வீங்கிவிடும். குழம்பு, பொரியல் எல்லாவற்றிலும் உப்பைப் பாதியாக்கி மூன்று வாரம் ஆகியும் வடியவில்லை. டாக்டர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். குழி அப்படியே நின்றது. மனதுக்குள் எண்ணினேன், பதினைந்து வந்தும் மேடாகவில்லை. அப்புறம், "மோர் சாதத்துக்கு என்னம்மா தொட்டுக்கறீங்க?" என்று கேட்டார். வடுமாங்காய். தினமும் இரண்டு வேளை. எனக்கு அது கணக்கிலேயே வரவில்லை. நாள் முழுக்கச் சேர்த்தே 5 கிராம் உப்புக்குள், ஒரு டீஸ்பூன்தான், என்றார்.

ராயபுரம்:
எங்கள் வீட்டில் கருவாடு. வெந்நீரில் ஊறவைத்தால் உப்பு போய்விடும் என்று நம்பியிருந்தோம். அப்பாவுக்கு இதயம் பலவீனம். ஞாயிறு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, செவ்வாய்க்குள் எடை இரண்டு கிலோ ஏறிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று விடிய விடிய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆலந்தூர்:
போன வருஷம் எனக்கும் வீங்கி, செருப்பு வார் ஏறவில்லை. இப்போது இல்லை. மாதவரம் சகோதரி, இந்துப்புக்கு மாறுங்கள். காலையில் பார்லிக் கஞ்சி, வாரம் மூன்று நாள் வாழைத்தண்டுப் பொரியல், தினம் ஓர் இளநீர். பொட்டாசியம் உடம்பில் சேர்ந்தால் சோடியம் சிறுநீரில் வெளியேறும். அப்பளம், வத்தல், மோர் மிளகாய், பாக்கெட் சூப் எதுவும் வேண்டாம். மத்தியானம் அரை மணி நேரம் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். பேருந்தில் வெகுநேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டாம்.

வேளச்சேரி:
ஆலந்தூர் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இளநீர் விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். என் மாமனாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வீக்கம் வடியும் என்று யாரோ சொல்ல, பத்து நாள் தினம் இரண்டு இளநீர், கூடவே சோடியம் குறைத்த உப்பு. அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. லேபிலிருந்து போன் வந்தது: "பேஷண்ட் இப்ப உங்க பக்கத்துலதான் இருக்காரா? பேசறாரா?" சிறுநீரகம் சரியில்லாததால் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கிய பொட்டாசியம் 6.9, ரொம்ப அதிகம். இதயமே நின்றிருக்கலாம். கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) தெரியாமல் யாருக்கும் இளநீர் சொல்லாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் சாப்பாட்டை ஆராய வேண்டாம், ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள்.

மாதவரம் மகள்:
அம்மாவுக்குக் கிரியாட்டினின் சரியாக இருக்கிறது. அவர் போட்ட அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையும் சிலருக்குக் காலை வீங்கவைக்குமாம், டாக்டர் அதையும் மாற்றிவிட்டார். அதனால் வீக்கம் குறைந்ததற்கு வடுவை நிறுத்தியதா, மாத்திரையை மாற்றியதா, எது காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நேற்று நானே அழுத்திப் பார்த்தேன், ஐந்து எண்ணுவதற்குள் குழி மறைந்துவிட்டது. ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடு என்கிறார் அம்மா. அவர் கையால் போட்ட வடு, எனக்குத்தான் மனம் வரவில்லை. பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன்.