எச்டிடிபிஎஸ் எவ்ரிவேருக்கு விதி எழுதியவர்களின் அனுபவங்கள்

எச்டிடிபிஎஸ் எவ்ரிவேருக்கு விதி எழுதியவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள், வந்து உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். தளங்களைப் பூட்டில்லாத எச்டிடிபியில் திறக்காமல், மறையாக்கிய எச்டிடிபிஎஸ்ஸில் திறக்கவைத்த பிரௌசர் நீட்சி (கூடுதல் நிரல்) இது, 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்காகச் செய்த வேலையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் நானே தொடங்குகிறேன்.

இணைய உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷனும், அடையாளம் மறைத்து உலாவ உதவும் டோர் திட்டமும் சேர்ந்து 2010இல் இதை வெளியிட்டார்கள். அதே வருடம் அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி வந்தது. பொது வைஃபையில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழைந்துவிடலாம், பாஸ்வேர்டு தெரிய வேண்டியதே இல்லை. லாகின் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மற்றதையெல்லாம் திறந்துபோட்டிருந்த காலம் அது.

விதி என்பது தளத்துக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு (குறிச்சொற்களால் எழுதும் உரைக்கோப்பு). எந்தெந்த டொமைனுக்கு என்று மேலே டார்கெட் வரிகள், அதற்குக் கீழே முகவரியை எப்படி மாற்றுவது என்று ரூல் வரி. பெரும்பாலான கோப்புகளில் அந்த ரூல் ஒரே வரிதான்: தொடக்கத்தில் எச்டிடிபி இருந்தால் எச்டிடிபிஎஸ் ஆக்கு. இதில் என்ன வேலை இருக்கிறது என்று தோன்றும். வேலை முழுக்க அந்த வரிக்கு முன்னால்தான். ஒரு செய்தித்தளத்தை எடுத்தேன், முகப்பு பாதுகாப்பாகத் திறந்தது, படங்கள் வரும் துணை டொமைனில் பார்த்தால் சிடிஎன் (கோப்புகளைப் பல ஊர் சர்வர்களிலிருந்து வேகமாகக் கொடுக்கும் சேவை) நிறுவனத்தின் பெயரில் சான்றிதழ் (தளத்தின் அடையாள அட்டை மாதிரி), காப்பகப் பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் போனால் எச்டிடிபிக்கே திருப்பி அனுப்புகிறது (நீட்சி மறுபடி மாற்றும், சர்வர் மறுபடி திருப்பும், சுற்றிக்கொண்டே இருக்கும்), இன்னொரு சர்வர் பதிலே சொல்லாமல் டைம் அவுட். ஓடாத டொமைன்களைக் கோப்பின் தலையில் குறிப்பாக எழுதி, பக்கத்தில் காரணத்துக்கு ஓர் எழுத்து போடுவோம். எம் என்றால் சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை, ஆர் என்றால் இணைப்பை மறுக்கிறது, டி என்றால் டைம் அவுட். அடுத்து வருபவர் அதே டொமைனை முதலிலிருந்து தட்டிப்பார்க்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் கோப்பிலேயே மதிப்புள்ள பகுதி அந்தக் குறிப்புதான்.

எல்லாத் துணை டொமைனுக்கும் சேர்த்து ஒரு நட்சத்திரக்குறி போட்டு முடித்துவிடலாம் என்று ஆசை வரும். சான்றிதழில் உள்ள நட்சத்திரம் ஒரு படிக்குத்தான் செல்லும், அதற்குக் கீழே இன்னொரு துணை டொமைன் இருந்தால் பிரௌசர் சிவப்பு எச்சரிக்கையைக் காட்டும். யாரும் சோதிக்காத டொமைனை விதிக்குள் இழுத்துப்போட நமக்கு உரிமை இல்லை. உடைந்த பக்கத்தைப் பார்ப்பவர் தளத்தைத் திட்டமாட்டார், நீட்சியை அணைத்துவிடுவார், அதோடு எல்லாத் தளத்திலும் பாதுகாப்பு போச்சு.

*

நல்ல இழை அண்ணா. நான் விதி எழுதியதைவிடப் பிறர் எழுதியதைச் சரிபார்த்தது அதிகம், அதனால் குக்கி (நீங்கள் யார் என்று நினைவில் வைக்கத் தளம் பிரௌசரில் போடும் சிறு தகவல்) பற்றிச் சொல்கிறேன். செக்யூர்குக்கி என்று ஒரு வரி உண்டு. பக்கங்கள் எல்லாம் எச்டிடிபிஎஸ்ஸில் போனாலும் விதிக்குள் வராத ஒரே ஒரு துணை டொமைனிலிருந்து ஒரு சின்னப் படம் எச்டிடிபியில் வந்தால் போதும், முழு டொமைனுக்கும் போட்ட, லாகினைத் தாங்கும் செஷன் குக்கி அந்தக் கோரிக்கையோடு வெட்டவெளியில் போய்விடும். செக்யூர்குக்கி வரி அந்தக் குக்கியில் ஒரு கொடியை ஏற்றி, எச்டிடிபிஎஸ் தவிர வேறெதிலும் போகாதபடி தடுக்கும். ஃபயர்ஷீப் திருடியது இந்தக் குக்கியைத்தான், ஆகவே இந்த வரி இல்லாத விதி பாதி விதி.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடவும் கூடாது. ஒரு பல்கலைக்கழக நூலகத் தளத்துக்கு ஒருவர் விதி அனுப்பியிருந்தார், எல்லாக் குக்கிக்கும் சேர்த்து எழுதியிருந்தார். கணக்குப் பக்கம் எச்டிடிபிஎஸ், தேடல் பக்கம் வெறும் எச்டிடிபி. லாகின் செய்துவிட்டுத் தேடப் போனால் தேடல் பக்கத்துக்குக் குக்கி போகாது, யாரோ புதிதாக வந்தவர் மாதிரி அது நடத்தும், சேர்த்துவைத்த புத்தகப் பட்டியல் காலி. குக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கணக்குப் பக்கத்துக்கு மட்டும் வேண்டியதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பிறகுதான் விதியைச் சேர்த்தோம்.

*

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவன் என்பதால் எனக்குப் பிடித்த விதி விக்கிப்பீடியாவுக்கானதுதான். 2011 அக்டோபருக்கு முன்னால் விக்கிப்பீடியாவுக்கு அதே முகவரியில் எச்டிடிபிஎஸ் கிடையாது. செக்யூர் டாட் விக்கிமீடியா என்று தனியாக ஒரு சர்வர், அதில் மொழிக் குறியீடு முகவரியின் பாதைக்குள் வரும். விதி என்ன செய்யும் என்றால், டொமைனின் முன்னால் இருக்கும் மொழிக் குறியீட்டை அடைப்புக்குறியில் பிடித்து, டாலர் ஒன்று என்ற குறியால் பாதைக்குள் இறக்கும். ஆங்கிலத்துக்கு எழுதிய அதே வரியில் தமிழும் ஓடியது, நமக்கென்று யாரும் தனியாக எழுதவில்லை. பிறகு விக்கிமீடியா எல்லா மொழிக்கும் அதே முகவரியிலேயே எச்டிடிபிஎஸ் கொடுத்தது, 2015 ஜூனில் எல்லாருக்கும் கட்டாயமாக்கப்போவதாக அறிவித்தது.

*

ஒன்று சேர்க்கிறேன். என் பிரௌசரில் சரியாக ஓடும் தளம் புதுப் பயனருக்கு எச்சரிக்கை காட்டும். சர்வர் இடைநிலைச் சான்றிதழை (தளத்தின் சான்றிதழை பிரௌசர் நம்பும் மூலச் சான்றிதழோடு இணைப்பது) அனுப்பாமல் விட்டிருக்கும், என் ஃபயர்ஃபாக்ஸ் வேறு ஏதோ தளத்தில் வாங்கிய அதே சான்றிதழை நினைவில் வைத்திருந்து ஓட்டையை அடைத்துவிடும். அதனால் காலியான புரொஃபைலில்தான் சோதிக்க வேண்டும். அப்புறம் 2013 ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸ் 23 வந்து, பாதுகாப்பான பக்கத்துக்குள் எச்டிடிபியில் வரும் ஸ்கிரிப்ட்டையும் பக்கத்தை அலங்கரிக்கும் ஸ்டைல்ஷீட்டையும் தடுக்கத் தொடங்கியது. அதுவரை நன்றாக இருந்த விதிகளில் சில அப்படியே உடைந்தன, பக்கம் அலங்காரமெல்லாம் கழன்று வெறும் எழுத்தாக நிற்கும். அந்தக் கோப்புகளுக்குக் கலப்பு உள்ளடக்கம் என்று முத்திரை குத்தி ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று.

*

எல்லாருக்கும் நன்றி. கடைசி சில வருடங்களில் எழுதிய கோப்பைவிட நீக்கிய கோப்புகள்தான் என்னை அதிகம் மகிழ்வித்தன. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் சேவை பொதுப் பயன்பாட்டுக்கு வந்து சான்றிதழ் இலவசமான பிறகு சின்னச் சின்னத் தளங்கள்கூட மாறின. ஒரு தளம் பிரௌசர்களின் எச்எஸ்டிஎஸ் முன்பட்டியலில் (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திறக்க வேண்டிய தளங்களின் பட்டியல்) ஏறிவிட்டால் அதற்கு நம் விதி தேவையில்லை, எடுத்துவிடுவோம்.

இப்போது என்ன பயன்படுத்துவது என்று தனிமடலில் கேட்ட தம்பிக்கு: ஃபயர்ஃபாக்ஸ் 83 முதல் எச்டிடிபிஎஸ் மட்டும் என்ற பயன்முறை உள்ளேயே இருக்கிறது, குரோமிலும் அதுபோல ஒன்று உண்டு. தானாக இயங்கியிருக்கும் என்று விட்டுவிடாதே, அமைப்புகளில் போய்ப் பார். ஏதாவது தளம் ஓடவில்லை என்றால் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்கு கொடு, மொத்தமாக அணைக்காதே.