பாலிமர் பிஸ்டலை "பிளாஸ்டிக்" என்று தள்ளிவிடலாமா?

கொள்ளிடம் (ஹூஸ்டன்):
போன சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் என் க்ளாக் 19 பிஸ்டலைப் பார்த்த ஒரு தமிழர், "இத்தனை காசு கொடுத்து பிளாஸ்டிக் வாங்கியிருக்கீங்களே" என்றார். நல்ல மனிதர்தான், மனதில் பட்டதைச் சொன்னார். ஆனால் இதையே மூன்று நான்கு பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு இல்லாவிட்டால், இந்த நாட்டில் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருடங்கள் முழுக்க நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கார்டு வந்த மாதமே, துப்பாக்கி வாங்க நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை நிரப்பி வாங்கியது இந்தப் பிஸ்டல். இரண்டு வருடத்தில் 3,000 தோட்டா தாண்டியிருக்கும்.

பாலிமர், அதாவது உறுதியான பிளாஸ்டிக் வகை, எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். முக்கியமாகக் கைப்பிடியும் அதைச் சேர்ந்த ஃபிரேமும்தான் (அடிச்சட்டம்) பாலிமர். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு எஃகு, குண்டு வெளியேறும் குழாயான பேரலும் எஃகு. ஃபிரேமுக்குள் நான்கு சின்ன எஃகுத் தண்டவாளங்கள் பதித்திருக்கும், ஸ்லைடு ஓடுவது அவற்றின் மேல். தோட்டா வெடிக்கும் கணத்தில் பேரலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு அழுத்தத்தைத் தாங்குகின்றன. 3,000 தோட்டாவுக்குப் பிறகு என் பிஸ்டலில் தேய்மானம் தெரிவது பேரலின் மேல்பக்கத்திலும் அந்தத் தண்டவாளங்களிலும்தான், கறுப்பு போய் வெள்ளி மினுக்குகிறது. பாலிமரில் ஒரு கீறல்கூட இல்லை.

இந்தப் பழி புதிதும் இல்லை. கத்தியும் திரைச்சீலைக் கம்பியும் செய்துகொண்டிருந்த காஸ்டன் க்ளாக்கின் பிஸ்டலை 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்டது. அது அமெரிக்காவுக்கு வந்ததும் விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாது என்று ஒரு பீதி கிளம்பியது. 1988-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது: துப்பாக்கியில் குறைந்தது 3.7 அவுன்ஸ் எஃகுக்கு ஈடாக உலோகம் கண்டறியும் கருவியில் தெரிய வேண்டும். க்ளாக்கில் அதைப்போலப் பல மடங்கு எஃகு இருக்கிறது.

எஃகுமனம் (டாலஸ்):
தம்பி, பாலிமர் உடைந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு உங்கள் பதில் சரி. நான் அந்தக் கட்சி இல்லை. என் மறுப்பு வேறு.

என்னிடம் இருப்பது சி.இசட். 75 என்ற பிஸ்டல். முழுக்க எஃகு, தோட்டா அடுக்கும் மேகசின் காலியாக இருக்கும்போது அதோடு சேர்த்து ஒரு கிலோ சுமார். உங்களுடையது மேகசின் இல்லாமல் 600 கிராம், காலி மேகசினோடு 670 கிராம் சுமார். இரண்டிலும் போடுவது ஒரே 9 மி.மீ. தோட்டா, அது கொடுக்கும் உந்தமும் ஒன்றுதான். வாங்கிக்கொள்ளும் எடை கூடினால் கையில் திமிறும் வேகம் குறையும். பள்ளிக்கூட இயற்பியல்தான் இது. எஃகுப் பிஸ்டலில் குறிபார்க்கும் முன்சைட் லேசாக எழும்பி அதே இடத்தில் வந்து உட்காரும், இரண்டாவது குண்டுக்கு அதைத் தேட வேண்டியதில்லை.

அப்புறம் எடை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். க்ளாக்கில் கனமெல்லாம் மேலே, ஸ்லைடில். மேகசினில் 15 தோட்டா இருக்கும்போது கைப்பக்கமும் கனமாக இருப்பதால் தெரியாது. கடைசி மூன்று நான்கு தோட்டா வரும்போது மேல்பக்கம் கனத்துத் தள்ளாடும். 75-இல் ஸ்லைடு ஃபிரேமுக்கு உள்பக்கமாக ஓடுகிறது, கனம் கைக்குள்ளேயே தங்குகிறது.

சுடும் போட்டிக்குப் போகிறவர்களைப் பாருங்கள். அதே சி.இசட். கம்பெனியின் போட்டிப் பிஸ்டலான ஷேடோ 2 எடை 1,330 கிராம். எடையைக் கூட்டுவதற்குக் காசு கொடுக்கிறார்கள் தம்பி, குறைப்பதற்கு இல்லை.

கொள்ளிடம்:
அண்ணே, ரேஞ்சில் மட்டும் சுடுவதென்றால் நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான் இதை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கிறேன். ஹூஸ்டன் ஆகஸ்ட் மாதம் எப்படி இருக்கும் என்று டாலஸ்காரருக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ! சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு வேர்வையில் உப்பு அதிகம், கைக்கடிகாரத்தின் பின்மூடியே அரித்துப்போனது. எஃகு ஃபிரேமை இந்த உடம்போடு வைத்தால் தினமும் துடைத்து எண்ணெய் போட வேண்டும். 300 கிராமுக்கு மேலான வித்தியாசம் காகிதத்தில் சின்னதுதான். மாலை நான்கு மணிக்கு இடுப்பெலும்புக்கு அது பெரிய விஷயம்.

சிறுவாணி (கோவை):
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே சாதாரண லைசென்ஸில் 9 மி.மீ. கிடைக்காது, தடை செய்யப்பட்ட போர் (குழாயின் உள்விட்ட அளவு) அது. நான் கிளப்பில் பாயிண்ட் 22 விளையாட்டுப் பிஸ்டல் சுடுகிறவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

எங்கள் 25 மீட்டர் போட்டியில் பிஸ்டல் 1,400 கிராம் வரை இருக்கலாம், ட்ரிகர் குறைந்தது ஒரு கிலோ இழுவை தாங்க வேண்டும். பெரும்பாலானோர் அந்த ஒரு கிலோவை ஒட்டித்தான் வைத்திருப்பார்கள். க்ளாக் ட்ரிகருக்கு இரண்டரை கிலோ இழுக்க வேண்டும். துப்பாக்கியின் எடை 600 கிராம், அதன் ட்ரிகரை இழுக்க அதைப்போல நான்கு மடங்கு விசை! ஆள்காட்டி விரல் அவ்வளவு விசை போடும்போது மற்ற மூன்று விரலும் சேர்ந்து இறுகும், முனை கீழே இறங்கும். கனமான துப்பாக்கி அந்தப் பிழையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், லேசானது பொறுக்காது.

பாலிமர் ஃபிரேமை க்ளாக் முதலில் கொண்டுவரவும் இல்லை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் 1970-லேயே விபி70 என்று ஒன்றைச் செய்தது. ஃபிரேமை யாரும் குறை சொல்லவில்லை. அதன் ட்ரிகர் கனம்தான் பேச்சாக இருந்தது. எனவே பாலிமரா எஃகா என்பதைவிட ட்ரிகர்தான் பெரிய கேள்வி என்பேன்.

வேப்பம்பூ (ஆஸ்டின்):
ட்ரிகர் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நானும் சுடுகிறவள்தான், வீட்டில் ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள். எங்கள் வீட்டுக்காரர் க்ளாக் வாங்கலாம் என்றபோது வேண்டாம் என்றது நான்.

இரண்டு காரணம். வெளியே விரலால் போடுகிற சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) அதில் கிடையாது. ட்ரிகர் சேஃப்டி, ஃபயரிங் பின் சேஃப்டி, டிராப் சேஃப்டி என்று மூன்று இருக்கிறது, கீழே விழுந்தால் வெடிக்காது, தெரியும். ஆனால் ட்ரிகரில் விரல் பட்டு இழுத்துவிட்டால் மூன்றும் ஒன்றாக விலகிவிடும். இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது: சுத்தம் செய்யக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் ட்ரிகரை இழுத்தாக வேண்டும். அலுப்போடு வீட்டுக்கு வந்த ஒரு ராத்திரி, சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) ஒரு தோட்டா இருப்பதை மறந்துவிட்டால்? பாலிமரோ எஃகோ, கழற்றும்போது ட்ரிகரைத் தொடச் சொல்லாத பிஸ்டல்கள் எத்தனையோ இருக்கின்றன. முதல் பிஸ்டல் வாங்குகிறவருக்கு ஏன் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

எஃகுமனம்:
அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 75-இல் விரலால் போடும் சேஃப்டி உண்டு, கழற்ற ட்ரிகர் வேண்டாம்.

கொள்ளிடம்:
வேப்பம்பூ அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். இதற்கு "கவனமாக இருந்தால் போதும்" என்று பதில் சொல்ல எனக்கு மனமில்லை. நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

சுத்தம் செய்யும் மேசை மேல் தோட்டா ஒன்றுகூட இருக்காது. பெட்டி வேறு அறையில். முதலில் மேகசினை எடுத்து அதையும் வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுவேன். ஸ்லைடை மூன்று முறை இழுப்பேன், நான்காவது முறை பின்னால் பூட்டிவைப்பேன். வெளிச்சத்தில் சேம்பரைப் பார்த்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுவேன். கண் பழக்கதோஷத்தில் ஏமாறும், விரல் நுனி ஏமாறாது, ஓட்டையின் விளிம்பு சில்லென்று படும். அதற்குப் பிறகும் முனையைத் தரையில் மணல் நிரப்பிய வாளிக்குள் காட்டித்தான் ட்ரிகரை இழுப்பேன். இதில் ஒன்று விட்டுப்போனாலும் முதலிலிருந்து தொடங்குவேன்.

மற்ற நேரமெல்லாம் பிஸ்டல் இரும்புப் பெட்டிக்குள், சாவி என் உடம்போடு. டெக்சஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டு, பிள்ளை அதை எடுத்துவிட்டாலே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு அந்தப் பெட்டி வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, ட்ரிகரை இழுக்காமலே கழற்ற முடிந்தால் நல்லதுதான். அதை மறுக்க மாட்டேன்.

வேப்பம்பூ:
மணல் வாளி நல்ல யோசனை, எங்கள் வீட்டிலும் வைக்கிறேன். ஆனாலும் பிள்ளைகள் வளரும்வரை க்ளாக் வேண்டாம் என்ற முடிவில் மாற்றமில்லை. பெட்டியை நம்புகிறேன், அலுத்த மனிதரை நம்பவில்லை.

கொள்ளிடம்:
சிறுவாணி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 15 கெஜத்தில் என் குண்டெல்லாம் இடதுபக்கம் கீழே விழுகிறது. வலது கைக்காரன் நான். சைட்டைத் திருத்தச் சொன்னார்கள், நான் திருத்தவில்லை.

சிறுவாணி:
திருத்தாதது நல்லது. சைட் மேல் பழி போடாதீர்கள், விரல்தான். யாரையாவது வெடிக்காத டம்மி தோட்டாவை நடுவில் கலந்து மேகசினை நிரப்பச் சொல்லுங்கள். எது எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியக்கூடாது.

எஃகுமனம்:
அதை நான் 75-இல் செய்துபார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. நான்கு குண்டு நன்றாகப் போனது. ஐந்தாவது டம்மி, "டிக்" என்றது. சத்தமும் இல்லை, உதையும் இல்லை, ஆனால் என் பிஸ்டலின் மூக்கு இரண்டு அங்குலம் கீழே குத்திக்கொண்டு நின்றது. ஒரு கிலோ எஃகைப் பிடித்துக்கொண்டு, வராத உதைக்கு நானே முன்கூட்டித் தள்ளியிருக்கிறேன். எட்டு வருடமாகச் சுடுகிறவன். எஃகு அந்தப் பிழையைச் சரிசெய்யவில்லை, இலக்கில் சின்னதாகக் காட்டியது, அதனால் எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை. இது என் வாதத்துக்கே எதிராகப் போகிறது, இருந்தாலும் நடந்தது அதுதான்.

எடையைப் பற்றி நான் சொன்னதில் இன்னமும் மாற்றமில்லை. அடுத்த மாதம் 14-ஆம் தேதி மீனாட்சி கோயிலுக்கு பியர்லாண்ட் வருகிறோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு ரேஞ்ச் கூட்டம் இல்லாமல் இருக்கும். 75-ஐ எடுத்து வருகிறேன், நீங்கள் க்ளாக்கைக் கொண்டு வாருங்கள். இரண்டிலும் டம்மி கலந்து ஒருவருக்கொருவர் நிரப்பிக்கொள்வோம்.

கொள்ளிடம்:
வருகிறேன் அண்ணே. 115 கிரெய்ன் குண்டு எடையுள்ள தோட்டா இரண்டு பெட்டி என் கணக்கு. டம்மி என்னிடம் ஆறுதான் இருக்கிறது, உங்களிடம் இருப்பதையும் எடுத்து வாருங்கள்.