ஷட்டர் திறந்திருக்கும்போதே வேண்டுமென்றே கேமராவை ஆட்டி, கலங்கலாகப் படம் எடுக்கிறவர்களே, கரையில் யாராவது உங்களைக் கேள்வி கேட்டதுண்டா?

எண்ணூர் பஸ்:
போன மாசி மாதம். எண்ணூர் முகத்துவாரம், காலை ஆறேகால். அரை வினாடி ஷட்டர் வைத்து இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டிருந்தேன். 120 எடுத்ததில் ஒன்று தேறியது. வலை உதறிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் வந்து திரையை எட்டிப் பார்த்தார். வீட்டில் காட்டினால் "பெயின்டிங்கா?" என்று கேட்கிற படம் அது. அவர் யோசிக்கவே இல்லை. விரலை வைத்தார்: "இது அலையாத்தி. இது கொசஸ்தலை ஆறு. வெளுப்பா ஓடுது பாரு, அது அனல்மின் நிலையச் சாம்பல்." அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னாபா, சாம்பலக்கூட இம்மாம் அழகா எடுத்துகீற?"

பாராட்டா, திட்டா, தெரியவில்லை. ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தேன். இப்போது பீரோ மேல் கிடக்கிறது.

ஆறு ஸ்டாப்:
கழற்றியது வேண்டாத வேலை. எனக்கு உறுத்துவது 120ல் ஒன்று என்பதுதான். வெயில் ஏறிவிட்டால் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன்) 100க்குக் குறைத்து, லென்ஸ் துளையை எஃப் 16க்குச் சுருக்கி வைத்தாலும் 1/100 வினாடிதான் கிடைக்கும். வெளிச்சத்தைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) போட்டால் அதே வெயிலில் 0.6 வினாடி. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், அது நம் கையோடு மல்லுக்கு நிற்கும். கை ஓட ஆரம்பித்த பிறகு அழுத்துங்கள், ஷட்டர் மூடிய பிறகும் ஓட விடுங்கள். கடலுக்குக் கிடையாக, பனைமரத்துக்கு மேலிருந்து கீழாக. துளையை இன்னும் சுருக்கி எஃப் 22 பக்கம் போகாதீர்கள், சென்சார் தூசியெல்லாம் தெரியும்.

என் அனுபவமா? துறைமுகப் பக்கம் ஒரு காவலாளி மறித்தார். படத்தைக் காட்டினேன். இதில் துறைமுகம் எங்கே என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

காசிமேட்டுப் பேரன்:
ஃபில்டர் கணக்கை யாரும் கேட்கவில்லையே சார்.

காசிமேடு, மீன் ஏல நேரம். விசைப்படகுக் கம்பங்களை மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டிருந்தேன். படகுத் தளம் கழுவிக்கொண்டிருந்த பையன் "என்னை எடுண்ணா" என்று வாளியைக் கீழே வைத்தான், சட்டையை நீவிவிட்டுக்கொண்டான், ஆடாமல் நின்றான். ஆடியது நான்தான். திரையில் ஒரு ஆரஞ்சுக் கோடு. ஓடி வந்து பார்த்தான்.

"நான் எங்கண்ணா?"

கோட்டைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு போனான். முகம் தெளிவாக விழ, ஷட்டரை 1/250 வினாடிக்கு மாற்ற மூன்று நொடி போதும். ஏன் மாற்றவில்லை என்று எனக்கே புரியவில்லை.

ஆறு ஸ்டாப்:
படகு ஆடும் தம்பி. 1/500 வையுங்கள்.