ராயக்கோட்டை ரோடு குடும்பம் 🪔 (திவ்யா கல்யாணம் 12ந்தேதி)

காலை 6:48

பெரியப்பா: நேத்து நம்ம மண்டபத்துல நடந்த ரிசப்ஷன்ல ஃபயர் பெல் மறுபடி அடிச்சிருச்சு. பாதிப் பேர் இலையை விட்டு எழுந்து வாசலுக்குப் போயிட்டாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க வாடகையில குறைக்கச் சொல்றாங்க. நம்ம திவ்யா கல்யாணத்துல இப்படி ஆகக்கூடாது. ஓசூர் மாப்ள, சமையற்கட்டுல இருக்கற புகை டிடெக்டரை எல்லாம் எடுத்துட்டா சரியாயிடுமா?

பர்கூர் சித்தி: குட் மார்னிங் 🌹

கார்த்தி: அப்பா, அடிச்சது சமையற்கட்டு இல்ல. அலாரம் பேனல்ல ஜோன் 1 விளக்கு எரிஞ்சுது, மண்டபத்துல ஒவ்வொரு பகுதியும் ஒரு ஜோன். அது மேடை ஹால். பொண்ணு மாப்பிள்ளை நடந்து வரும்போது புகை மிஷின் விட்டாங்க இல்ல, அதான்.

கார்த்தி: சமையற்கட்டுதான் வைகாசியிலேயே

ஓசூர் மாமா: வைகாசியிலேயே என்ன?

காவேரிப்பட்டணம் அத்தை: பத்திரிகை அடிச்சாச்சாமே. எங்க வீட்டுக்கு இன்னும் வரல.

ஓசூர் மாமா: கார்த்தி, வைகாசியிலேயே என்ன ஆச்சு?

கார்த்தி: 📷 படம்
ரெண்டு டிடெக்டரையும் கழட்டி, டிடெக்டரை மாட்டற பேஸ்ல வர்ற வயரை முறுக்கி டேப் சுத்தியிருக்கு

ஓசூர் மாமா: அடப்பாவிகளா. யார் பண்ணது?

பெரியப்பா: அன்னிக்கு அடுத்தடுத்து மூணு முகூர்த்தம் மாப்ள. வடை போட்டா அடிக்குது, இட்லி கொப்பரை மூடி திறந்தா அடிக்குது. எலக்ட்ரீஷியன் கிட்ட நிறுத்தச் சொன்னேன். பேனல்ல பச்சை விளக்கு எரிஞ்சுது, சரியாத்தான் இருக்குன்னான்.

ஓசூர் மாமா: பச்சை எரியும் மாமா, அதான் ஆபத்து. ஜோன் வயரோட கடைசியில ஒரு ரெசிஸ்டர் இருக்கும், கரண்டை மட்டுப்படுத்தற சின்ன சாமான். பேனல் அது வழியா கொஞ்சம் கரண்ட் ஓடுதான்னு எப்பவும் பாத்துக்கிட்டே இருக்கும். டிடெக்டரை வெறுமனே கழட்டினா லைன் அறுந்து மஞ்சள் ஃபால்ட் விளக்கு எரியும். வயரை முறுக்கிவிட்டா லைன் முழுசா இருக்கு, ரெசிஸ்டரும் தெரியுது, பேனல் 'எல்லாம் நலம்'னு சொல்லும். டிடெக்டர் மட்டும் இல்ல. அண்டா கவுந்து எண்ணெய் பத்தினாக்கூட அதுக்குத் தெரியாது.

ஓசூர் மாமா: அந்த எலக்ட்ரீஷியனுக்கு ஃபால்ட் விளக்கை அணைக்கத் தெரிஞ்சுருக்கு. அவ்வளவுதான்.

பெரியப்பா: சரி சரி. இப்ப என்ன செய்யணும்னு சொல்லு.

திவ்யா: பெரியப்பா எனக்கும் புகை மிஷின் வேணும். ஏற்கனவே சொல்லியாச்சு

பெரியப்பா: வேண்டாம்மா.

திவ்யா: 😭

காவேரிப்பட்டணம் அத்தை: பத்திரிகைல மாமா பேரு எங்க போட்டிருக்கீங்கன்னு மட்டும் யாராவது சொல்லுங்க.

காலை 7:30

ஓசூர் மாமா: சமையற்கட்டுக்குப் புகை டிடெக்டரே தப்பான சாமான். அங்க ஹீட் டிடெக்டர்தான் போடணும், புகையைப் பாக்காம சூட்டைப் பாத்து அடிக்கறது. அதுல வகை இருக்கு, எது கிடைக்குதோ அதை வாங்கிட்டு வந்துடாதீங்க.

ஒரு வகை ஃபிக்ஸட். குறிச்ச சூடு வந்தா அடிக்கும், உதாரணத்துக்கு 57 டிகிரி. பழைய மாடல்ல ஒரு துளி ஈயக் கலவை ஸ்பிரிங்கைப் பிடிச்சு வெச்சிருக்கும். அது உருகினா ஸ்பிரிங் விடுபட்டு கான்டாக்ட் சேரும். ஒரு தடவை உருகினா முடிஞ்சுது, புதுசுதான் வாங்கணும். இன்னொண்ணு பைமெட்டல். ரெண்டு உலோகத்தகடு ஒட்டியிருக்கும், சூட்டுல ஒண்ணு அதிகமா நீளும், தகடு வளைஞ்சு கான்டாக்ட்டைத் தொடும். ஆறினதும் தானே பழைய இடத்துக்கு வந்துடும். இப்ப வர்றதுல பெரும்பாலும் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் குறையும், அதை சர்க்யூட் படிச்சுக்கும்.

பர்கூர் சித்தி: 👍

ஓசூர் மாமா: ஃபிக்ஸட்ல ஒரு குறை. காத்து 57 ஆனதும் டிடெக்டரும் 57 ஆயிடாது. உலோகம் சூடேற நேரம் வேணும். தீ வேகமா வளந்தா, அது அடிக்கறதுக்குள்ள சுத்தியுள்ள காத்து எங்கேயோ போயிருக்கும்.

அதுக்காக வந்தது ரேட் ஆஃப் ரைஸ். எத்தனை டிகிரின்னு பாக்காது, எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பாக்கும். நிமிஷத்துக்கு சுமார் 8 டிகிரிக்கு மேல ஏறினா அடிக்கும். பழைய மாடல்ல ஒரு சின்ன காத்து அறை, சவ்வு மாதிரி ஒரு மெல்லிய டயாஃப்ரம், ஊசிமுனை மாதிரி ஒரு துவாரம். மெதுவா சூடேறினா விரியற காத்து துவாரம் வழியா கசிஞ்சுடும். சட்டுனு ஏறினா வெளிய போக நேரமில்லாம டயாஃப்ரத்தைத் தள்ளி கான்டாக்ட்டைச் சேர்க்கும். அந்தத் துவாரம் தூசியில அடைஞ்சா, சாதாரண வெயிலுக்கே அடிக்கும்.

கார்த்தி: அப்ப எங்கப்பா ஃபிக்ஸட், அத்தை ரேட் ஆஃப் ரைஸ் 😂

திவ்யா: 😂😂😂 துவாரம் அடைச்சிருக்கு

காவேரிப்பட்டணம் அத்தை: யாருடா அது. உங்கப்பா எத்தனை டிகிரியிலும் அசையமாட்டார், அதைச் சொல்லு.

பெரியப்பா: கார்த்தி, வேலையைப் பாரு.

ஓசூர் மாமா: சிரிங்க. ஆனா சமையற்கட்டுல விஷயமே அதுதான். கொப்பரை திறந்து ஆவி குப்புனு மேல போனா ரேட் ஆஃப் ரைஸ் அடிச்சிடும். கடையில சும்மா ஹீட் டிடெக்டர்னு கேட்டா, ஃபிக்ஸட்டும் ரேட் ஆஃப் ரைஸும் சேர்ந்த மாடலைத்தான் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பாங்க. மத்த இடத்துக்கு அது நல்லதுதான், நம்ம அடுப்புக்கு ஒத்துவராது.

ஐரோப்பியத் தரம் போட்ட சாமான்னா பின்பக்கம் பாருங்க. 'ஏ1ஆர்'னு இருந்தா ஆர் எழுத்து ரேட் ஆஃப் ரைஸ், சமையற்கட்டுக்கு வேண்டாம். 'பிஎஸ்' வேணும். பி வகைன்னா அந்த இடத்துச் சூடு 65 வரைக்கும் போனாலும் தாங்கும், 69லிருந்து 85க்குள்ள அடிக்கும். எஸ்ன்னா எவ்வளவு வேகமா ஏறினாலும் குறிச்ச சூட்டுக்குக் கீழ அடிக்காது.

கார்த்தி: பிஎஸ். குறிச்சுக்கிட்டேன் மாமா

பெரியப்பா: எத்தனை வேணும்? ரெண்டு பேஸ் இருக்கு, ரெண்டு வாங்கிக்கலாம்.

ஓசூர் மாமா: பத்தாது மாமா. புகை டிடெக்டர் ஒண்ணு 100 சதுர மீட்டர் பாக்கும். ஹீட் அதுல பாதி, 50தான். ஐஎஸ் 2189ங்கற இந்தியத் தரத்துலேயே இருக்கு. சமையற்கட்டு அளவு என்ன?

பெரியப்பா: 40க்கு 30. உயரம் 14 அடி.

ஓசூர் மாமா: 1200 சதுர அடி, அதாவது சுமார் 111 சதுர மீட்டர். மூணு வேணும். நடுவுல ஒரு பீம் போகுதே, அது எவ்வளவு இறங்கியிருக்கு?

பெரியப்பா: ஒண்ணேகால் அடி இருக்கும்.

கார்த்தி: ஒண்ணரை அடிப்பா

பெரியப்பா: கட்டினது நானு.

ஓசூர் மாமா: அளந்து சொல்லுங்க. கூரை உயரத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல இறங்கினா பீமைச் சுவரா எடுத்துக்கணும். ஏன்னா சூடான காத்து கூரையை ஒட்டித்தான் பரவும், பீம் அதை மறிச்சு ஒரு பக்கமே தேக்கி வெச்சுடும். 14 அடிக்குப் பத்துல ஒரு பங்குன்னா கிட்டத்தட்ட 17 அங்குலம். பீம் 15 அங்குலம்னா மூணு போதும். 18ன்னா அது ரெண்டு ரூம். பக்கத்துக்கு 20க்கு 30, அதாவது 56 சதுர மீட்டர், ஒண்ணு பத்தாது. பக்கத்துக்கு ரெண்டு, மொத்தம் நாலு.

பெரியப்பா: மூணு அங்குலத்துக்கு ஒரு டிடெக்டரா?

பர்கூர் சித்தி: அண்ணா பாலக்கோட்டுல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை வேன் சொல்லியிருக்கு?

பெரியப்பா: ரெண்டு. மூணு கேக்கறாங்க.

கார்த்தி: அதுவும் மூணா நாலான்னு அளக்கணும் போல

காலை 9:05

பெரியப்பா: இன்னொண்ணு மாப்ள. மேடை ஹாலுக்கும் ஹீட்டே போட்டுட்டா ஓமத்துக்கும் அடிக்காது, இவ புகை மிஷினுக்கும் அடிக்காது. ஒரே வேலையா முடிஞ்சுடுமே?

திவ்யா: பெரியப்பா சூப்பர் ❤️

ஓசூர் மாமா: வேண்டாம். ஹீட் டிடெக்டர் கட்டடத்தைக் காப்பாத்தற சாமான். ஆளைக் காப்பாத்தறது புகை டிடெக்டர். ஹால் உயரம் 22 அடி. கீழ சேரோ திரைச்சீலையோ பத்தி அந்தச் சூடு மேல போய்ச் சேர்றதுக்குள்ள ஹால் முழுக்கப் புகை நிரம்பிடும். 2004ல ஸ்ரீரங்கத்துல கல்யாண மண்டபம் எரிஞ்சுது. 50 பேருக்கு மேல போனாங்க, மாப்பிள்ளையும் போனாரு. பந்தல் பத்தினா எவ்வளவு நேரம் கிடைக்கும்னு நினைக்கறீங்க?

காவேரிப்பட்டணம் அத்தை: நல்ல காரியம் நடக்கும்போது அதெல்லாம் எதுக்கு தம்பி.

ஓசூர் மாமா: சரிக்கா, சொல்லல. ஆனா ஹாலுலயும் மணமகள் ரூம்லயும் புகை டிடெக்டர் அப்படியே இருக்கணும். ராத்திரி ஆளுங்க படுத்துத் தூங்கற ரூம் அது.

ஓமத்துக்கு வழி இருக்கு. அந்த நேரத்துக்கு மட்டும் பேனல்ல ஜோன் 1ஐ ஐசோலேட் பண்ணணும், அதாவது அந்தப் பகுதியை மட்டும் நிறுத்தி வெக்கணும். அவ்வளவு நேரமும் ஒரு ஆள் மேடை பக்கத்துல தீயணைப்பானோட நிக்கணும், வேற வேலை வெக்கக்கூடாது. ஓமம் முடிஞ்சதும் அவனே ஆன் பண்ணணும். நேரத்தை நோட்டுல எழுதி வெக்கச் சொல்லுங்க, இல்லைன்னா அடுத்த முகூர்த்தம் வரைக்கும் ஆஃப்லேயே கிடக்கும். டிடெக்டர் மேல பாலிதீன் கவர் மாட்டற வேலை வேண்டவே வேண்டாம்.

கார்த்தி: மாமா, வாசல்ல இருக்கற சிவப்பு கண்ணாடிப் பெட்டியும் ஜோன் 1தான்

ஓசூர் மாமா: அப்படியா? அப்ப ஐசோலேட் பண்ணா அதுவும் செத்துடும். யாராவது கண்ணாடியை அழுத்தினாக்கூட பெல் அடிக்காது. முதல்ல அதைக் காலியா இருக்கற ஜோனுக்கு மாத்துங்க. பேனல் நாலு ஜோன்தானே?

கார்த்தி: நாலு. நாலாவது காலி

ஓசூர் மாமா: நல்லது. மாத்தும்போது நடுவுல டீ ஜாயின்ட் போட்டு வயரைக் கிளை பிரிக்கக்கூடாது. ஒண்ணுலிருந்து அடுத்ததுக்கு, கடைசியில ரெசிஸ்டர். ஜோன் 4லயும் தனி ரெசிஸ்டர் வேணும், எத்தனை ஓம்னு பேனல் மேனுவல்ல இருக்கும். கிளை பிரிச்சா அந்தக் கிளை அறுந்தாலும் பேனலுக்குத் தெரியாது.

திவ்யா: அப்ப ஓமத்துக்கு ஆஃப் பண்ற மாதிரி புகை மிஷினுக்கும் 5 நிமிஷம் பண்ணலாம்ல மாமா?

ஓசூர் மாமா: பண்ணலாம். உங்க பெரியப்பா ஒத்துக்கணும்.

பெரியப்பா: பாக்கலாம்.

திவ்யா: பாக்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம் 😒

காலை 10:20

கார்த்தி: மாமா ஜெனரேட்டர் ரூமுக்கு? அங்க தகரக் கூரை

ஓசூர் மாமா: அங்கயும் ஹீட்தான், புகை சரிப்படாது. ஆனா சித்திரை வெயில்ல தகரத்துக்குக் கீழ ஜெனரேட்டரும் ஓடினா என்ன சூடு? நாளைக்கு மதியம் 2 மணிக்கு ஜெனரேட்டரை ஓட்டிக்கிட்டே கூரையடியில ஒரு தெர்மாமீட்டர் கட்டிப் பாரு. அதைவிட 10, 15 டிகிரியாவது மேல அடிக்கறதை வாங்கணும். 50 வந்தா 57 வாங்காதே. சித்திரையில இன்னும் ஏறும், அதையும் கணக்குல வை.

கேபிள் மாதிரியே நீளமா வர்ற ஹீட் டிடெக்டரும் உண்டு. உள்ள ரெண்டு கம்பி முறுக்கியிருக்கும், நடுவுல சூட்டுல இளகற பிளாஸ்டிக். எங்க பத்தினாலும் அந்த இடத்துல கம்பி ரெண்டும் ஒட்டிக்கும். கருகின துண்டை வெட்டிட்டு புதுசு சேக்கணும். மாம்பழக்கூழ் ஃபேக்டரி கேபிள் ட்ரேக்கெல்லாம் அது பொருந்தும். நமக்கு வேண்டாம்.

பெரியப்பா: நமக்கு வேண்டாம்னா எதுக்குச் சொல்ற மாப்ள. ஃபோன் சார்ஜே தீந்துருச்சு.

பர்கூர் சித்தி: 😄

கார்த்தி: கேஸ் லீக் ஆனா ஹீட் டிடெக்டர் அடிக்குமா?

ஓசூர் மாமா: அடிக்காது. நெருப்பு பிடிச்ச பிறகுதான் அதுக்கு வேலை. சிலிண்டர் கேஸ் காத்தைவிட கனம், தரையோட போகும். அதுக்கு கேஸ் டிடெக்டர் தரையிலிருந்து ஒரு அடிக்குள்ள தனியா மாட்டணும். அது அடுத்த மாசம் பாத்துக்கலாம், சிலிண்டர் எல்லாம் வெளியிலதானே இருக்கு?

கார்த்தி: வெளியில 12. உள்ள 2

ஓசூர் மாமா: உள்ள ரெண்டு எதுக்கு? உங்கப்பாகிட்ட நான் ஃபோன்ல பேசிக்கறேன்.

மாட்டற இடம் சொல்லிடறேன். கொப்பரைக்கு நேர் மேல வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்துலயும் வேண்டாம், சூடு அதுகிட்ட வர்றதுக்குள்ள ஃபேன் இழுத்துடும். சுவர்ல இருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கணும், மூலையில காத்து அசையாம நிக்கும். கூரையில ஒட்டி இருக்கட்டும், பைப்ல தொங்கவிட வேண்டாம். பழைய பேஸே ஆகுமான்னு கடைக்காரர்கிட்ட பேனல் மாடலையும் சேத்துக் காட்டிக் கேளு. மாட்டினதும் சிவப்பு தூசி மூடியைக் கழட்டணும். வெள்ளை அடிக்கும்போது மாட்டின மூடி அப்படியே கிடக்கற மண்டபம் எத்தனையோ.

டெஸ்ட்டுக்கு ஹேர் ட்ரையர் போதும். ஹீட் கன் வெச்சா பிளாஸ்டிக் உருகிடும். கற்பூரம் காட்டாதே. உருகற வகைன்னா சூடே காட்டக்கூடாது, ஒரே தடவைதான் அது.

திவ்யா: ஹேர் ட்ரையர் என்னோடது தரமாட்டேன். 12ந்தேதி வரைக்கும் வேணும்

பெரியப்பா: எண்ணெய் பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தலாமா, மாஸ்டர் கேட்டாரு.

ஓசூர் மாமா: கூடவே கூடாது மாமா. தண்ணி எண்ணெய்க்கு அடியில போய் ஆவியாகி, எரியற எண்ணெயை ரூம் முழுக்க வாரி இறைக்கும். அடுப்பை அணைச்சு இரும்பு மூடி போடுங்க. சமையல் எண்ணெய்க்குன்னு வெட் கெமிக்கல் தீயணைப்பான் இருக்கு. அதுல ஒண்ணு வாங்கி அடுப்புக்குப் பக்கத்துல இல்லாம கதவுகிட்ட மாட்டுங்க.

பெரியப்பா: சரி. மூணு டிடெக்டர் வாங்கலாம்.

ஓசூர் மாமா: பீம் அளக்கல இன்னும்.

பெரியப்பா: கார்த்தி ஏறி அளக்கட்டும். 17க்கு மேல இருந்தா நாலாவதைப் பத்திப் பேசலாம்.

கார்த்தி: ஏணி யார்கிட்ட இருக்கு?

காவேரிப்பட்டணம் அத்தை: எங்க வீட்ல இருக்கு. பத்திரிகையைக் கையில கொண்டு வந்து கொடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு உங்கப்பாவை.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

காவேரிப்பட்டணம் அத்தை: படிச்சுட்டேன் அண்ணே.