சின்ன காருக்கு ரூஃப் பாக்ஸ் சரிப்பட்டு வருமா?

பாளை_ஹேட்ச்பேக்:
அண்ணாச்சிமாரே ஒரு யோசனை சொல்லுங்க. அம்மா அப்பா, நாங்க ரெண்டு பேரு, பிள்ளைன்னு ஏறுனாலே வண்டி நெறஞ்சிருது, டிக்கில சிஎன்ஜி சிலிண்டர் வேற கெடக்கு, பெறகு பையெல்லாம் எங்க வைக்க? பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில் போனா பொங்கப்பானை, அரிசி, ஜமுக்காளம், தண்ணி கேன்னு பாதி வீட்ட தூக்கிட்டுப் போணும். சாரலுக்கு குத்தாலம் போவோம். கூரை மேல மாட்டுத மூடி போட்ட சாமான் பெட்டி, 400 லிட்டர் பாக்ஸ் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், ஆனா வண்டி கூரைல ரெயில் (ரெண்டு ஓரத்துலயும் நீளமா வர்ற தண்டு) கெடையாது. வாங்கவா?

நாலுவழிச்சாலை:
லிட்டர விடுங்க, கிலோவ பாருங்க. கூரை எவ்ளோ தாங்கும்னு வண்டி மேனுவல்லயே இருக்கும், சிலதுல மேல எதுவும் ஏத்தாதன்னே போட்டிருப்பான். இப்ப 50 கிலோன்னு வச்சிக்கோங்க, பாக்ஸ தாங்குற குறுக்குக் கம்பி ரெண்டும் 5, பாக்ஸ் 15 போச்சுன்னா மிச்சம் 30தான், 20 லிட்டர் கேன் ஒண்ண ஏத்துனா சோலி முடிஞ்சுது. அதனால பானை, அரிசி, கேன் எல்லாம் கீழதான், மேல ஜமுக்காளம், துணி, டயப்பர் மாதிரி இடத்த அடைக்கிற சாமான். கொஞ்சம் கனமானது இருந்தா ரெண்டு கம்பிக்கும் நடுவுல வைங்க.

ரெயில் இல்லன்னா கதவு இடுக்குல கவ்வுற கிளாம்ப் உண்டு, ஆனா உங்க மாடலுக்குன்னு உள்ள கிட்டு வாங்குங்க, எல்லா வண்டிக்கும் சேரும்னு விக்கதெல்லாம் பெயிண்ட பேத்துரும். பின்கதவ முழுசா தூக்கிப் பாத்துட்டு பாக்ஸ மாட்டுங்க, இல்லன்னா முட்டும்.

தார்ப்பாய்_கட்சி:
எதுக்கு இம்புட்டு காசு? கேரியர் போட்டு தார்ப்பாய சுத்தி நைலான் கயித்துல இறுக்கிக் கட்டுனா போதாதா, எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான் போறோம்

சாரல்பிரியன்:
@தார்ப்பாய்_கட்சி குத்தாலத்துல அப்படி வண்டிய நிறுத்திட்டு குளிக்கப் போய்ப் பாருங்க, கொரங்கு தார்ப்பாய கிழிச்சி சிப்ஸ் பாக்கெட்ட தின்னுட்டு பிள்ளை டவுசர மரத்துல போட்டிருக்கும். சாரலுக்கும் கொரங்குக்கும் பாக்ஸ்தான் சரி. எல்லா லாக்கும் விழுந்தாதான் சாவி வெளிய வரும்ங்கற மாதிரி பாத்து வாங்குங்க.

வள்ளியூர்_காத்து:
ஆனி ஆடில முப்பந்தல் பக்கம் போனா ஆரல்வாய்மொழி கணவாய் காத்து சைடுல அடிக்கும், கரண்டு எடுக்குற காத்தாடி எல்லாம் சும்மாவா அங்க நிக்கி, மேல பாக்ஸ் இருந்தா ஸ்டியரிங்க இழுக்கது நல்லாவே தெரியும், 80க்கு மேல போவாதீங்க. கொஞ்ச தூரம் ஓட்டுனதும் நிறுத்தி கிளாம்ப இறுக்கிருங்க. அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்னா வண்டி உயரத்தோட ஒண்ணரை அடி சேத்துக்கோங்க. ஊருக்குள்ள காலி பாக்ஸோட சுத்தாதீங்க, பெட்ரோல்தான் தண்டம். ஆனா கழத்துனா எங்க வைப்பீங்க? ஆள் நீளம் இருக்கும், கட்டிலுக்கு அடில போவாது.

பாளை_ஹேட்ச்பேக்:
மேனுவல தேடி எடுத்துட்டேன், எங்க வண்டிக்கும் 50தான். கழத்துனா மாடிப்படி சுவத்துல தொங்க விடலாம், ஆனா வருசத்துக்கு ரெண்டு தடவைக்காக வாங்கணுமான்னு வீட்ல கேக்குதாவ. இங்கன பாக்ஸ் வாடகைக்கு யாரும் குடுக்காங்களா?

நாலுவழிச்சாலை:
ரெண்டு தடவைன்னா பாக்ஸே வேண்டாம்யா, அந்த நாளுக்கு மட்டும் ஒரு ஏழு சீட்டு வண்டி பேசிருங்க, அப்பாவும் கால நீட்டி உக்காருவாரு.