ஐரோப்பாவில் ஐந்து ஊர், ஐந்து நண்பர்கள், 17 இரவு: விசாவுக்கு எந்த நாடு, ரயிலுக்கு என்ன வழி?

மேமாதம்27 கேட்டது:

நானும் கணவரும் 2027 மே 1 முதல் 18 வரை ஐரோப்பா போகிறோம். இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். சுற்றிப் பார்ப்பது இரண்டாம்பட்சம்; கல்லூரியில் கூடப் படித்தவர்கள் ஐந்து ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களைப் பார்ப்பதுதான் நோக்கம். இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கும் கணக்கு: பாரிஸ் 4 இரவு, உத்ரெக்ட் (நெதர்லாந்து) 3, ஃபிராங்க்ஃபர்ட் (ஜெர்மனி) 4, சூரிக் (சுவிட்சர்லாந்து) 2, வியன்னா (ஆஸ்திரியா) 4. பாரிஸில் இறங்கி வியன்னாவில் விமானம் ஏறுகிறோம். நடுவில் எல்லாம் ரயில்.

பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்றிலும் நான்கு நான்கு இரவு வருகிறது. எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? ஐந்து வீட்டிலிருந்தும் அழைப்புக் கடிதம் வேண்டுமா? பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒன்றாக வாங்கும் யூரெயில் பாஸ் எடுக்கலாமா, தனித்தனி டிக்கெட்டா? நண்பர்களுக்கு ஊரிலிருந்து தின்பண்டம் எடுத்துப் போனால் பிடுங்கிக்கொள்வார்களா?

முத்திரைத்தாள் பதில்:

அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) கேட்க வேண்டும். நாள் கணக்கு சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாடு. அந்த வகையில் உங்கள் இப்போதைய திட்டத்துக்கு பிரான்ஸ். ஆனால் இந்தச் சமநிலையோடு விண்ணப்பம் கொடுக்காதீர்கள். ஒரு ஊரை விட்டுக் கிளம்பி இன்னோர் ஊரில் இறங்கும் நாள் இரண்டு நாட்டுக் கணக்கிலும் விழும். நீங்கள் ஒரு மாதிரி எண்ண, அதிகாரி வேறு மாதிரி எண்ணினால், 'இது எங்கள் நாட்டுக்கு வர வேண்டிய விண்ணப்பமே இல்லை' என்று திருப்பி அனுப்ப இடம் கொடுத்தது போலாகும். ஏதாவது ஒரு நாட்டில் குறைந்தது இரண்டு இரவு கூட்டிவிடுங்கள், பேச்சுக்கே இடமிருக்காது.

கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. விண்ணப்பத்தை வாங்கும் வி.எஃப்.எஸ். நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், அதாவது 2026 நவம்பர் 1 முதல். கடைசி வரம்பு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள். சிக்கல் என்று பட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். மார்ச் வந்துவிட்டால் கோடை விடுமுறைக் கூட்டத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜனவரிக்குள் கொடுத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். நீங்கள் திரும்பும் நாளிலிருந்து மூன்று மாதம், அதாவது 2027 ஆகஸ்ட் 18 வரையாவது செல்ல வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கம் கட்டாயம். காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாக, மே 1 முதல் 18 வரை ஒரு நாளும் விடுபடாமல் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து முந்தைய நாள் இரவே விமானம் என்றால் அந்தத் தேதியையும் சேர்த்து எடுங்கள்.

அழைப்புக் கடிதம்தான் பலர் குழம்பும் இடம். நாட்டுக்கு நாடு ஒரு முறை.

பிரான்ஸில் நண்பர் தன் ஊர் நகராட்சிக்குப் போய் 'அத்தெஸ்தாசியோன் தாக்கேய்' என்ற சான்று வாங்க வேண்டும். 30 யூரோ வரி முத்திரை. சான்று மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் வராது. வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று, அடையாள அட்டை கேட்பார்கள். கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒன்று போதும். மூலப் பிரதியைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், ஸ்கேன் எடுபடாது.

ஜெர்மனியில் இரண்டு வகை. ஒன்று, நண்பர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திடும் சாதாரணக் கடிதம். மற்றொன்று, வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி அவர் கொடுக்கும் பொறுப்பேற்பு உறுதிமொழி. இரண்டாவதைக் கொடுத்தால் உங்கள் தங்கல் செலவு, மருத்துவச் செலவு எல்லாம் சட்டப்படி அவர் தலையில். உங்கள் சொந்தப் பணத்தில் போகும்போது அதைக் கேட்காதீர்கள். கேட்டால் நண்பருக்கும் சங்கடம், 'செலவு யாருடையது?' என்று அதிகாரிக்கும் சந்தேகம்.

நெதர்லாந்தில் இதற்கென ஒரு படிவம் உண்டு. நண்பரின் கையெழுத்தை நகராட்சி சான்றளிக்க வேண்டும். ஆஸ்திரியாவில் பொறுப்பேற்பைக் காவல் துறை வழியாக மின்னணு முறையில் பதிவு செய்வார்கள். ஆனால் விசா விண்ணப்பத்தோடு வைக்க, நீங்கள் விண்ணப்பிக்கும் நாட்டைத் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் சாதாரணக் கடிதம் போதும்: உங்கள் இருவர் பெயர், பாஸ்போர்ட் எண், வரும் தேதி, போகும் தேதி, வீட்டு முகவரி, எப்படிப் பழக்கம் என்று ஒரு வரி, நண்பரின் குடியிருப்பு அட்டை நகல்.

ஐந்து பேர் ஐந்து கடிதம் எழுதும்போது தேதி ஒன்றின்மேல் ஒன்று ஏறும், அல்லது நடுவில் ஓர் இரவு விட்டுப்போகும். இதுதான் அதிகம் நடக்கும் தவறு. முதலில் நீங்கள் இரவுவாரியாக ஒரு அட்டவணை போட்டு ஐவருக்கும் அதையே அனுப்புங்கள். முகப்புக் கடிதத்திலும் அதே அட்டவணை இருக்கட்டும். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழக் கூடாது.

தண்டவாளம் பதில்:

விசா விஷயத்தை மேலே உள்ளவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு உறுத்துவது உங்கள் நாட்காட்டி. நீங்கள் ஊர்களை வரைபடத்தில் வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். பார்க்கப் போவது ஆட்களை என்றால், அவர்களுக்கு எப்போது லீவு என்பதிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை காலை நண்பர் வேலைக்குப் போக, நீங்கள் இருவரும் அவர் வீட்டுச் சாவியோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

2027இல் ஈஸ்டர் மார்ச் 28. எனவே ஏசுவின் விண்ணேற்ற விழா மே 6, வியாழன். பெந்தகொஸ்தே திங்கள் மே 17. உங்கள் ஐந்து நாட்டிலும் மே 6 விடுமுறை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் நான்கு நாள் சேர்ந்து கிடைக்கும். பாதி ஊர் அப்படித்தான் செய்யும். தானாக அமைந்த நல்ல வாய்ப்பு, விடாதீர்கள்.

நான் அடுக்கினால் இப்படி: மே 1–4 பாரிஸ் (சனி ஞாயிறு நண்பரோடு, மே 1 தொழிலாளர் தினம், லூவ்ர் உட்படப் பலதும் மூடியிருக்கும், ஊர் சுற்றும் எண்ணம் வேண்டாம்). 4–7 உத்ரெக்ட், வியாழன் விடுமுறை அங்கே. 7–14 ஃபிராங்க்ஃபர்ட். 14–18 வியன்னா, பெந்தகொஸ்தே மூன்று நாளும் அங்கே. சூரிக் தோழியை 7 முதல் 9 வரை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஐ.சி.இ. என்ற ஜெர்மன் அதிவேக ரயில் நேரடியாக உண்டு, சுமார் நான்கு மணி நேரம். சுவிஸ் குடியிருப்பு அட்டை இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கும் ஜெர்மனி வர விசா தேவையில்லை. இரண்டே இரவுக்காக நீங்கள் சூரிக் போனால், அங்கிருந்து வியன்னாவுக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பகல் முழுக்க ரயிலிலேயே போய்விடும். இப்படிச் செய்தால் ஜெர்மனியில் ஏழு இரவு, விசாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

இப்போது பாஸ் கணக்கு. நீண்ட பயணம் மூன்றே மூன்றுதான்: பாரிஸ்–உத்ரெக்ட், உத்ரெக்ட்–ஃபிராங்க்ஃபர்ட், ஃபிராங்க்ஃபர்ட்–வியன்னா. யூரெயில் குளோபல் பாஸ் குறைந்தது நான்கு பயண நாள். அது போக பாரிஸிலிருந்து ஏறும் அதிவேக ரயிலான யூரோஸ்டாருக்கு இருக்கை முன்பதிவுப் பணம் தனியாகக் கட்ட வேண்டும், பாஸ்காரர்களுக்கான இருக்கைகளும் எண்ணிக்கையில் குறைவு. உங்களுக்குப் பாஸ் வீண்.

பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் யூரோஸ்டார் ஏறி ராட்டர்டாமில் இறங்குங்கள், சுமார் 2 மணி 40 நிமிடம். அங்கிருந்து உத்ரெக்ட்டுக்கு இன்டர்சிட்டி, 40 நிமிடம். இந்த இரண்டாவது டிக்கெட்டை முன்கூட்டி வாங்க வேண்டியதில்லை. டச்சு உள்நாட்டு ரயில் கட்டணம் நிலையானது, எந்த வண்டியிலும் ஏறலாம். வங்கி அட்டையை நிலைய வாயிலில் உள்ள கருவியில் தட்டி ஏறி, இறங்கும் இடத்தில் அதே அட்டையைத் தட்ட வேண்டும். ஓர் அட்டைக்கு ஓர் ஆள், கணவன் மனைவி ஒன்றைப் பகிர முடியாது. ஏறும்போது பிளாஸ்டிக் அட்டை, இறங்கும்போது அதே அட்டை ஏற்றிய போன் என்று தட்டினால் இயந்திரத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு அட்டைகள். இரண்டு முடியாத பயணமாகப் பதிவாகி இரண்டுக்கும் பணம் பிடிக்கும்.

உத்ரெக்ட்டிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி ஐ.சி.இ. உண்டு, மூன்றரை மணி நேரம் சொச்சம். ஜெர்மன் ரயில்வே தளத்தில் 'ஃபிராங்க்ஃபர்ட் மைன்' என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். போலந்து எல்லையில் 'ஃபிராங்க்ஃபர்ட் ஓடர்' என்று வேறோர் ஊர் இருக்கிறது. வண்டி முதலில் விமான நிலையத்தில் நிற்கும், அவசரப்பட்டு இறங்க வேண்டாம். 'ஸூப்பர் ஸ்பார்பிரைஸ்' டிக்கெட் மலிவுதான், ரத்து செய்தால் சல்லிக் காசு வராது. விசா வரும்வரை அதைத் தொடாதீர்கள். 'ஸ்பார்பிரைஸ்' என்றால் முன்கூட்டி ரத்து செய்ய 10 யூரோ பிடிப்பார்கள், அவ்வளவுதான். மே 7 வெள்ளியன்று கூட்டம் அள்ளும். டிக்கெட் வேறு, இருக்கை வேறு என்பதால் இருக்கைக்கும் சில யூரோ கட்டிவிடுங்கள்.

நிலையத்தில் நடைமேடை ஏ, பி, சி என்று பகுதிகளாகப் பிரித்திருக்கும். உங்கள் ரயில் பெட்டி எந்த எழுத்துக்கு எதிரே நிற்கும் என்று பலகையில் காட்டுவார்கள். கடைசி நேரத்தில் 'பெட்டி வரிசை தலைகீழ்' என்று அறிவிப்பு வருவது சகஜம். உத்ரெக்ட் போன்ற நடுவழி நிலையத்தில் வண்டி சில நிமிடம்தான் நிற்கும். ஓடாதீர்கள், எதிரே உள்ள கதவில் ஏறி உள்ளுக்குள் நடந்து போங்கள். உள்ளே நடைபாதை குறுகல், அதனால் ஆளுக்கு 65–70 செ.மீ. உயரப் பயணப் பெட்டி ஒன்று போதும். பாரிஸ் மெட்ரோவில் முழுக்க லிஃப்ட் உள்ளது 14ஆம் எண் தடம் மட்டுமே. மற்ற இடங்களில் படிக்கட்டில் தூக்க வேண்டியது நீங்கள்தான்.

ரயில் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். ஃபிராங்க்ஃபர்ட்–வியன்னா நேரடி வண்டி ஆறரை மணி நேரம், இதில் தாமதம் அபூர்வமில்லை. இறங்கிய அன்றே இரவு விருந்து என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மனி தன் நில எல்லைகளில் 2024 செப்டம்பர் முதல் சோதனை நடத்துகிறது. பாஸ்போர்ட் பெட்டிக்குள் அல்ல, கையில்.

பாலில்லாதபை பதில்:

தின்பண்டக் கேள்விக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. நெய், பன்னீர், பால்கோவா போகாது. சாக்லேட், பிஸ்கட், கேக் மாதிரியானவற்றுக்கு விலக்கு உண்டு. முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், பொடி வகைகள், சைவ ஊறுகாய் தைரியமாக எடுக்கலாம். ஊறுகாய் புட்டியைச் செக்-இன் பெட்டியில் இரண்டு உறை போட்டு வையுங்கள். பச்சைக் காய், பழம், கீரைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய் எல்லாம் இதில் மாட்டும். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன் ஐந்துக்கு மட்டும் சான்று வேண்டாம். தேன் ஆளுக்கு 2 கிலோ வரை. விமானத்தில் வருபவருக்குப் பரிசுப் பொருள் வரம்பு 430 யூரோ.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏழு இரவும் ஒரே வீட்டில் தங்காதீர்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரு குளியலறைதான் இருக்கும். காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புகிற நேரத்தில் நெருக்கடி. வெள்ளி முதல் செவ்வாய் காலை வரை நண்பர் வீடு, மீதியை ஹைடல்பெர்க் மாதிரி ஒரு மணி நேரத் தொலைவில் விடுதியில் வையுங்கள். அந்த விடுதி ரசீதை விசா விண்ணப்பத்திலும் சேர்க்க வேண்டும்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறும் விடுமுறை நாளும் கடைகள் மூடல். வியன்னாவில் மே 16, 17 இரண்டு நாளும் தொடர்ந்து மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடுங்கள். தப்பினால் ஹவுப்ட்பான்ஹோஃப் (தலைமை ரயில் நிலையம்) போன்ற பெரிய நிலையத்துக் கடைகள்தான் கதி. வெற்று பிளாஸ்டிக் புட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், ஜெர்மனியில் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம் கட்டியிருப்பீர்கள்.

மேமாதம்27:

எல்லோருக்கும் நன்றி. சூரிக் தோழி 7ஆம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு சந்தேகம்: விசா ஜெர்மனியுடையது, இறங்குவது பாரிஸ். இதில் ஏதாவது பிரச்சினை உண்டா? பாரிஸ் நண்பர் அந்த நகராட்சிச் சான்றை எடுத்தே தீர வேண்டுமா?

முத்திரைத்தாள்:

ஜெர்மன் விசாவோடு பாரிஸில் இறங்கத் தடையில்லை. அட்டவணை, ஜெர்மன் நண்பரின் கடிதம், விடுதி ரசீது, திரும்பும் டிக்கெட், காப்பீடு ஐந்தையும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். 'ஜெர்மன் விசாவில் ஏன் இங்கே?' என்று கேட்டால் ஏழு இரவைக் காட்டிவிடலாம். எல்லையில் இப்போது முத்திரைக்குப் பதில் மின்னணுப் பதிவு. முகப்படம் எடுப்பார்கள், முதல் தடவை என்பதால் வரிசை மெதுவாகத்தான் நகரும்.

நகராட்சிச் சான்று: பிரான்ஸில் தனியார் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் எல்லையில் காட்ட வேண்டிய ஆவணம் அதுதான், விசா எந்த நாடு கொடுத்தது என்பதைப் பொறுத்ததல்ல. அது இருந்தால் செலவுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 32.50 யூரோ கையில் இருப்பதைக் காட்டினால் போதும். விடுதி முன்பதிவு என்றால் 65, இரண்டுமே இல்லையென்றால் 120. நகராட்சியில் நேரம் கிடைக்கவே சில வாரம் ஆகலாம், ஆகவே நண்பரிடம் நவம்பரிலேயே சொல்லுங்கள். அவருக்கு அலைச்சல் என்றால் அந்த மூன்று இரவுக்கு அவர் வீட்டுப் பக்கத்திலேயே விடுதி போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு அங்கே போய்க்கொள்ளுங்கள்.