ஏற்காடு ஏறும்போது மட்டும் இன்ஜின் லைட், பிக்கப் போகுது: டர்போ மாத்தித்தான் ஆகணுமா?

கோரிமேடு டீசல்:
வணக்கம். 2016 மாடல் டீசல் செடான், 1,12,000 கிமீ ஓடியிருக்கு. விஜிடி டர்போ (புகைக்காற்றால சுத்தி இன்ஜினுக்குள்ள காற்றை அமுக்கித் தள்ற கருவி, கோணம் மாறும் இறக்கை வகை), பிஎஸ்4, டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) கிடையாது. ஓமலூர் ரோட்டில் 100-ல் போனாலும் ஒரு குறையும் இல்லை. அஞ்சு பேரோட அடிவாரம் தாண்டி ஏறினா, கீழிருந்து ஏழாவது எட்டாவது கொண்டை ஊசி வளைவுக்குள்ள மஞ்சள் இன்ஜின் லைட் எரியுது, அந்த நொடியே இழுவை செத்துப்போகுது. எவ்வளவு மிதிச்சாலும் 3000 ஆர்பிஎம் தாண்டறதில்லை. பின்னாடி கரும்புகை. ஓரங்கட்டி சாவியை அணைச்சு மறுபடி ஸ்டார்ட் பண்ணினா நல்லா இழுக்குது. ரெண்டு மூணு வளைவு போனதும் பழையபடி. டெம்பரேச்சர் முள் நடுவுலயே நிக்குது. ஸ்கேனர்ல பி0299ங்கற எரர் கோடு மட்டும்தான். ஒர்க்ஷாப்ல டர்போ அசெம்பிளியே மாத்தணும்ங்கறாங்க. அவசியமா?

இருபதாம் வளைவு:
இப்போதைக்கு டர்போவைத் தொட விடாதீங்க. பி0299 சொல்றது "நான் கேட்ட காற்றழுத்தம் வரலை" என்பதை மட்டும்தான். ஏன் வரலைன்னு அது சொல்லாது. பம்ப்செட்டில் தண்ணி வரலைன்னா மோட்டாரும் போயிருக்கலாம், வழியில பைப்பும் உடைஞ்சிருக்கலாம்.

கீழே வராதது மலையில் ஏன் வருதுன்னு பாருங்க. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சொச்சம், அங்கே காற்றழுத்தம் 98 கிலோபாஸ்கல் அளவு. ஏற்காடு 1500 மீட்டர், அங்கே 85 தான். இன்ஜினுக்கு உள்ளே 215 வேணும்னா கீழே டர்போ காற்றை 2.2 மடங்கு அமுக்கினால் போதும். மேலே 2.5 மடங்கு. கீழே சின்னக் கசிவு இருந்தாலும் டர்போ கொஞ்சம் கூடுதலா உழைச்சு சரிக்கட்டிடும். மேலே போகப் போக அந்தக் கையிருப்பு தீர்ந்துடும். இன்னொண்ணு, சமவெளியில் முழு ஆக்ஸிலேட்டர் அஞ்சு நொடிக்கு மேல யாரும் மிதிக்கறதில்லை. மலையில் ரெண்டாவது கியர்ல வளைவுக்கு வளைவு மிதிச்சபடியேதான் போறோம். கேட்ட அழுத்தத்துக்கும் வந்த அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் சில நொடி நீடிச்சாத்தான் இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) லிம்ப் மோடுக்கு, அதாவது பவரைக் குறைச்சு இன்ஜினைக் காப்பாத்தற நிலைக்குப் போகும்.

சாவியை அணைச்சதும் சரியாகுதுன்னா கோளாறு போயிடுச்சுன்னு இல்லை. லிம்ப் மோடு மட்டும்தான் விடுது, எரர் கோடு உள்ளேயே இருக்கும். அதனால அந்த எரர் கோடை இப்போ அழிக்கச் சொல்லாதீங்க, பேட்டரி டெர்மினலையும் கழட்டாதீங்க. அந்த நொடியில் ஆர்பிஎம், லோடு, அழுத்தம் எவ்வளவுன்னு ஃப்ரீஸ் ஃப்ரேம்ல (கோடோட சேர்ந்து இசியூ எடுத்து வைக்கற பதிவுல) இருக்கும். பாதி நோய் அதுலயே தெரியும்.

கரும்புகை நல்ல துப்பு. ஏர் பில்டருக்குப் பக்கத்துல இருக்கற சென்சார் உள்ளே போற காற்றை அளந்து அதுக்குத் தக்க டீசல் விடுது. அளந்த காற்று வழியில வெளியேறிட்டா டீசல் மிஞ்சிக் கரியாகுது. டர்போவிலேயே ஆயில் சீல் போயிருந்தா நீலப்புகை வரும், ஆயிலும் குறையும்.

லீ பஜார் வால்வு:
அண்ணா சொன்னது சரி. ஆனா டீசல் பக்கத்தைப் பார்க்காம, காற்று போற ஓஸை (ரப்பர் குழாயை)த் தேடிப் போகவேண்டாம். டீசல் பில்டர் அடைச்சிருந்தாலும் ஏற்றத்துல இதே மாதிரி இழுவை போகும், டீசல் குறைஞ்சா புகைக்காற்றின் வேகம் குறையும், டர்போ சுத்தறதும் குறையும். அப்போ பெரும்பாலும் பி0087-ம் (டீசல் அழுத்தம் குறைவுங்கற கோடு) சேர்ந்து வரும், கரும்புகை வராது. உங்களுக்குப் புகை வர்றதால எனக்கும் சந்தேகம் காற்றுப் பக்கம்தான். இருந்தாலும் பில்டர் அடியில இருக்கற திருகைத் தளர்த்தி கண்ணாடி பாட்டில்ல 100 மில்லி பிடிச்சு வையுங்க. தண்ணி இருந்தா பத்து நிமிஷத்துல அடியில தனியா நிக்கும்.

இஜிஆர் வால்வு (கொஞ்சம் புகையை இன்ஜினுக்குள்ளயே திருப்பி விடற வால்வு) கரி பிடிச்சுத் திறந்தபடி நின்னாலும் பி0299 வரலாம், கரும்புகையும் வரும். டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை குறுக்கு வழியில போயிடுது.

புளூடூத் ஓபிடி ஸ்கேனரும் போன்ல ஒரு ஆப்பும் போதும். எடுக்க வேண்டியது:

சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில மேப் சென்சார் (இன்டேக், அதாவது இன்ஜினுக்குக் காற்று நுழையற வழியில அழுத்தத்தை அளக்கறது) அளவு. இது வெளிக்காற்றையே காட்டணும். சேலத்துல 98 வரவேண்டிய இடத்துல 110, 85ன்னு காட்டினா சென்சாரே பொய் சொல்லுது, கழட்டிக் கரியைத் துடைங்க.

அப்புறம் ரெண்டாவது கியர், முழு மிதி: கேட்ட பூஸ்ட் (டர்போ தர்ற காற்றழுத்தம்), வந்த பூஸ்ட், கேட்ட ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற டீசல் அழுத்தம்), வந்த ரெயில் பிரஷர், நாலையும் பதிவு பண்ணுங்க. பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கட்டும், ஓட்டறவர் போனைத் தொடவேண்டாம். லைட் எரியறதுக்கு முந்தின பத்து நொடிதான் முக்கியம். எரிஞ்ச பிறகு இசியூ டர்போவைக் கைவிட்டுடும், அதுக்கப்புறம் எடுக்கற எண்ணெல்லாம் வீண்.

நின்னுகிட்டு இன்னொரு சோதனை. டர்போ ஆக்சுவேட்டர் ராடை (டர்போ இறக்கைகளை நகர்த்தற கம்பியை)ப் பார்த்தபடி ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. வேக்குவம் (காற்றை உறிஞ்சி இழுக்கற) வகையா இருந்தா ராடு சுமார் ஒரு செ.மீ. இழுபடும், அணைச்சா வழுக்கிட்டுத் திரும்பும். திக்கித் திக்கி நகர்ந்தா உள்ளே வேன்களில் (டர்போவின் சின்ன இறக்கைகளில்) கரி. நகரவே இல்லைன்னா வேக்குவம் டியூப், சோலனாய்டு (மின்சார வால்வு), டயாபிரம் (ஆக்சுவேட்டருக்குள்ள இருக்கற சவ்வு) மூணுல ஒண்ணு. கை வேக்குவம் பம்ப்ல 20 அங்குலம் (பாதரச அளவு) இழுத்து விட்டா ஒரு நிமிஷமாவது முள் இறங்காம நிக்கணும். டியூப் வெறும் ரப்பர்தான், இன்ஜின் சூட்டுல வெடிச்சுப் போகும்.

அஸ்தம்பட்டி பெட்ரோல்:
நடுவுல கேட்கறதுக்கு மன்னிக்கணும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா? ஏற்காட்டுல பிக்கப் கம்மியாத்தான் இருக்கு.

இருபதாம் வளைவு:
உங்க வண்டிக்கு அது இயல்பு. காற்று குறையறதால சேலத்தை விட 13 சதவீதம் வரைக்கும் பவர் போகும். லைட் எரியாம, படிப்படியா குறைஞ்சா கவலை வேண்டாம், ஒரு கியர் இறக்குங்க. லைட் சிமிட்டினாத்தான் கவனம். சிமிட்டறது மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சு அதை உருக்கிடும். மிதியை விட்டு ஓரங்கட்டுங்க. காயில், ஸ்பார்க் பிளக்தான் முதல் சந்தேகம். பனிமூட்டத்துல ஈரம் இறங்கினா பழைய காயில் காட்டிக்கொடுத்துடும்.

எந்த வண்டியானாலும் சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சா அடுத்த வளைவு வரைக்கும்னு பார்க்காம உடனே நிறுத்தி இன்ஜினை அணைக்கணும். ஆனா நிக்கறதுக்கு முன்னாடி அணைக்கக் கூடாது. இன்ஜின் நின்னா ரெண்டு மூணு மிதிக்கு மேல பிரேக் பூஸ்டர் உதவாது, ஸ்டீயரிங்கும் கனத்துடும். ஏற்றத்துல நிறுத்தினா முதல் கியர் போட்டு, டயருக்குப் பின்னாடி கல் வையுங்க. கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமா போட்டுட்டுப் போங்க. ராத்திரி பைக்ல வர்றவங்களுக்கு அது எமன்.

கோரிமேடு டீசல்:
எடுத்துட்டேன். சாவி ஆன்ல சேலம் 98, ஏற்காடு ஏரிப் பக்கம் 85. லைட் எரியறதுக்கு முன்னாடி 2600 ஆர்பிஎம்மில் கேட்டது 215, வந்தது 150. ரெயில் கேட்டது 1350 பார், வந்தது 1340. ராடு வழுக்கிட்டுத்தான் நகருது, வேக்குவம் நிக்குது. பாட்டில்ல தண்ணி இல்லை.

லீ பஜார் வால்வு:
அப்போ டீசல், மேப் சென்சார், வேக்குவம், வேன் நாலும் குற்றவாளி இல்லை. மிச்சம் ஓஸ், இன்டர்கூலர் (டர்போ அமுக்கின சூடான காற்றைக் குளிர்விக்கறது), இஜிஆர். ஓஸ்ல ஆரம்பிங்க.

ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காம ஓடறப்ப) பார்த்தா கிழிசல் தெரியாது, அழுத்தம் ஏறினாத்தான் வாய் திறக்கும். டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்டேக் வரைக்கும் ஒவ்வொரு ஓஸின் அடிப்பக்கத்தையும் விரலால தடவுங்க. பிரீதர் (இன்ஜின் உள் ஆவி வெளியேறற குழாய்) வழியா எப்பவும் கொஞ்சம் ஆயில் ஆவி உள்ளே போறதால, கசியற இடத்துல ஆயிலும் தூசியும் சேர்ந்து கருஞ்சாந்து மாதிரி அப்பியிருக்கும். பிராக்கெட்ல உரசற இடம், கிளிப்புக்கு ஒட்டின விளிம்பு ரெண்டையும் விடாதீங்க.

சிக்கலைன்னா ஏர் பில்டருக்கு அப்புறம் டர்போ வாய்க்குப் போற குழாயைக் கழட்டி, டியூப் வால்வு பொருத்தின மூடியால அடைச்சு, பஞ்சர் கடை காற்றை ரெகுலேட்டர் வெச்சு 10 பிஎஸ்ஐ மட்டும் ஏத்துங்க. அதுக்கு மேல போகவேண்டாம். சோப்புத் தண்ணி தெளிச்சா குமிழி காட்டும். ஆயில் மூடிப் பக்கம் லேசா உஸ்ஸுன்னு கேட்டா பயப்படாதீங்க, திறந்த வால்வு வழியா இன்ஜினுக்குள்ள போற காற்று அது.

டேப் சுத்தறது வீடு வந்து சேரத்தான். சூட்டுல பசை இளகிடும். புது ஓஸ் போடறப்ப ரெண்டு முனைக் குழாயையும் பிரேக் கிளீனர் போட்டு ஆயில் இல்லாம துடைக்கணும், இல்லேன்னா முழு பூஸ்ட்ல வழுக்கிக் கழண்டுடும்.

கோரிமேடு டீசல்:
சிக்கிடுச்சு. இன்டர்கூலரிலிருந்து இன்டேக் போற ஓஸ், அடிப்பக்கம், பிராக்கெட் உரசின இடத்துல ரெண்டு விரற்கடை நீளத்துக்குக் கிழிசல். மேலிருந்து பார்த்தா ஒண்ணும் தெரியலை. புது ஓஸ் போட்டு எரர் கோடை அழிச்சு, அதே அஞ்சு பேரோட ஏற்காடு ஒண்டிக்கடை வரைக்கும் ஏறினேன். கேட்டது 215, வந்தது 209. லைட் வரலை, புகையும் இல்லை. இந்த 6 வித்தியாசம் பரவாயில்லையா?

லீ பஜார் வால்வு:
அது இயல்பு. அந்த பிராக்கெட்டுக்கு ஒரு ரப்பர் துண்டு கொடுத்துடுங்க, இல்லேன்னா புது ஓஸையும் அதே இடத்துல அறுத்துடும்.